நடுப்புள்ளிக்கு வெப்பம் போகும் வழி

கருகிய தோல், குளிர்ந்த நடு

இத்தாலியப் பாணியில் பூரணம் அடைத்த குடைமிளகாயை வீட்டில் செய்து பார்த்த பலருக்கும் ஒரே சந்தேகம் வந்திருக்கும். ஓவன் 200 டிகிரி காட்டுகிறது. உள்ளே வைத்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. மிளகாயின் தோலில் ஆங்காங்கே கருப்புத் திட்டுகள் தெரிகின்றன. வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. எடுத்து வெட்டினால் நடுவில் பூரணம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அரிசி பல்லில் நறுக்கென்று கடிபடுகிறது. தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

கொதிக்கும் நீரைப்போல இரு மடங்கு சூடு காட்டும் பெட்டிக்குள் அரை மணி நேரம் இருந்த பொருளின் நடுப்பகுதி எப்படி வேகாமல் இருக்க முடியும்? சரி, இன்னும் அரை மணி நேரம் விடுவோம் என்று விட்டால் நடு வெந்துவிடுகிறது. ஆனால் மிளகாயின் சுவர் குழைந்து சரிந்துவிடுகிறது. செய்முறைப் புத்தகத்தில் எழுதியிருந்த நிமிடக் கணக்கை மாற்றாமல் பின்பற்றியும் ஏன் இப்படி ஆகிறது?

இந்த அத்தியாயம் அந்த நடுப்புள்ளியைப் பற்றியது. அங்கே வெப்பம் போய்ச் சேரும் வழியைப் புரிந்துகொண்டால், தோல் ஏன் கருகுகிறது, அரிசி ஏன் வேகவில்லை, அடியில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் சேர்த்தே விடை கிடைத்துவிடும்.

காரமில்லாத மிளகாய்

முதலில் பாத்திரத்தைப் பார்ப்போம். இந்தச் சமையலில் பாத்திரமும் உணவும் ஒன்றே என்பதுதான் அதன் அழகு; சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மிளகாயினம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. கொலம்பஸ் தன் முதல் பயணத்தை முடித்து 1493இல் திரும்பிய பிறகுதான் ஐரோப்பா அதை அறிந்தது. இத்தாலிக்கு வந்த மிளகாய் ஊருக்கு ஊர் வெவ்வேறு உருவம் எடுத்தது. வடக்கே தூரின் நகருக்கு அருகிலுள்ள கார்மன்யோலா ஊர் குடைமிளகாய்க்காகவே ஆண்டுதோறும் கோடை முடிவில் திருவிழா எடுக்கிறது. சதுரமானது, எருதுக் கொம்புபோல நீண்டது, பம்பரம் போன்றது, தக்காளிபோல் உருண்டை என்று அங்கே பல வடிவங்கள் உண்டு. தெற்கே நேப்பிள்ஸில் பழைய ரொட்டி, ஆலிவ், கேப்பர், உப்பில் ஊறிய நெத்திலி, வறுத்த கத்தரிக்காய் ஆகியவற்றைக் கலந்து அடைப்பார்கள். கொத்துக்கறியும் சீஸும் அடைப்பவர்களும் உண்டு. நெல் விளையும் வடக்கு மாவட்டங்களான வெர்செல்லி, நொவாரா பக்கத்து அரிசி சேர்ப்பவர்களும் உண்டு.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருள் விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் உருவாகிறது. குடைமிளகாயில் அதை உண்டாக்கும் மரபணு செயலிழந்துவிட்டது. அதனால் சுவர் முழுவதையும் காரமில்லாமல் ஒரு காய்கறியாக உண்ண முடிகிறது. தேர்ந்தெடுத்துப் பயிரிட்ட பல தலைமுறைகளில் சுவர் தடித்தது, உள்ளே வெற்றிடம் பெரிதானது. அடைப்பதற்கென்றே செய்ததுபோல ஒரு காய் கிடைத்தது.

அடியில் மூன்று மேடு இருந்தால் ஆண் காய், நான்கு இருந்தால் பெண் காய் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதில் உண்மை இல்லை. மிளகாய்ப் பூ ஒவ்வொன்றிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. காய்க்குப் பால் கிடையாது. மேடுகளின் எண்ணிக்கை காய்க்குள் இருக்கும் அறைகளைக் காட்டுகிறது, அவ்வளவுதான். நான்கு மேடு உள்ள காய் தட்டில் சாயாமல் நிற்கும். நமக்கு அந்தப் பயன் போதும்.

பச்சையா, சிவப்பா?

பச்சைக் குடைமிளகாய் தனி இனம் என்று நினைப்பவர்கள் பலர். பெரும்பாலான வகைகளில் பச்சை என்பது முற்றாத நிலை. செடியிலேயே விட்டால் பச்சையம் சிதைந்து, அதுவரை மறைந்திருந்ததும் புதிதாக உருவானதுமான சிவப்பு, மஞ்சள் நிறமிகள் வெளியே தெரியும். கூடவே சர்க்கரையும் ஏறும். 100 கிராம் பச்சைக் காயில் சுமார் 2.4 கிராம் சர்க்கரை இருந்தால், சிவப்பில் சுமார் 4.2 கிராம். பறித்த பிறகு இந்தக் காய் வாழைப்பழம்போல் நன்றாகப் பழுப்பதில்லை. எனவே சிவந்ததையே வாங்க வேண்டும்.

பச்சைக் காயின் அந்தத் தனி வாசனைக்குக் காரணம் பைரசின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சேர்மம். நீரில் ஒரு லட்சம் கோடிப் பங்கில் இரண்டு பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். காய் முற்ற முற்ற அது குறைகிறது. இத்தாலியச் சமையலில் அடைப்பதற்குச் சிவப்பும் மஞ்சளும் அதிகம் விரும்பப்படுவதன் காரணம் இங்கே இருக்கிறது: பச்சை வாசனை குறைவு, இனிப்பு அதிகம்.

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. சூடும் புளிப்பும் சேரும்போது அது வெளியேறிவிடும். காய் மங்கிய பாசி நிறத்துக்குப் போகும். சிவப்பு நிறமிகள் அந்தச் சூட்டை நன்றாகத் தாங்கும். அவை எண்ணெயில் கரையக்கூடியவை என்பதால்தான் வெந்து முடிந்த தட்டில் ஆலிவ் எண்ணெய் ஆரஞ்சு நிறமாக மின்னுகிறது.

200 டிகிரி காற்று எவ்வளவு கொடுக்கும்?

இப்போது புதிருக்கு வருவோம். வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது வெப்பநிலை. அது இன்னொரு பொருளுக்கு எவ்வளவு ஆற்றலைக் கொடுக்கிறது என்பது வெப்பம். ஓவனின் 200 டிகிரி முதலாவதை மட்டுமே சொல்கிறது.

காற்று மிக லேசான பொருள். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கும் ஆற்றலைக் கொண்டு 3000 லிட்டருக்கும் மேற்பட்ட காற்றை ஒரு டிகிரி சூடாக்கிவிடலாம். அதாவது, அந்தக் காற்று தன்னிடம் வைத்திருக்கும் கையிருப்பு அவ்வளவு சொற்பம். வெப்பத்தைக் கடத்துவதிலும் காற்று நீரைவிட 20 மடங்குக்கு மேல் மந்தம். 200 டிகிரி ஓவனுக்குள் கையை நீட்டித் தட்டைத் துணியால் பிடித்து எடுக்கிறோம். அந்த ஓரிரு நொடிகளில் காற்று நம்மைச் சுடுவதில்லை. 100 டிகிரி நீரில் ஒரு நொடி விரலை வைக்க முடியுமா?

இட்லிப் பானையை நினைத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். உள்ளே 100 டிகிரிதான். ஆனால் அங்கே இருப்பது நீராவி. குளிர்ந்த மாவின் மேல் பட்டதும் ஆவி நீராக மாறுகிறது. மாறும்போது தான் சுமந்துவந்த பெரும் ஆற்றலை மாவிடம் இறக்கிவைக்கிறது. அதனால்தான் பத்து நிமிடத்தில் இட்லி வெந்துவிடுகிறது. அதே மாவை 100 டிகிரி உலர் காற்றில் வைத்தால் அந்த நேரத்தில் மேல்புறம் ஆடை கட்டுவதோடு சரி.

ஆகவே முதல் பாடம் இது. ஓவனின் எண் பெரிதாக இருந்தாலும் அது மெதுவாகவே கொடுக்கிறது. ஓவன் சுவர்களிலிருந்து வரும் கதிர்வீச்சும், மின்விசிறி உள்ள ஓவனில் காற்றின் ஓட்டமும் சேர்ந்து வேகத்தைக் கூட்டுகின்றன; ஆனாலும் ஆவியின் வேகத்தை அவை எட்டுவதில்லை.

நீர் இருக்கும்வரை 100தான்

காற்று மெதுவாகக் கொடுப்பதையும் மிளகாய் முழுதாக வாங்கிக்கொள்வதில்லை. குடைமிளகாயின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் நீர். பூரணத்திலும் பெரும்பகுதி நீர்தான். நீர் இருக்கும் இடத்தில் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதலாக வரும் ஆற்றல் முழுவதும் நீரை ஆவியாக்குவதற்கே போய்விடும்.

அதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. 20 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் நீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஆவதைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு ஆற்றல், 100 டிகிரியில் உள்ள அதே ஒரு கிராமை ஆவியாக்குவதற்கு வேண்டும். பூரணத்தின் திறந்த மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், அந்த இடம் 100 டிகிரிக்கும் கீழேயே நெடுநேரம் நிற்கும். 200 டிகிரி ஓவனுக்குள் இருந்தாலும் பூரணத்தைப் பொறுத்தவரை அது கொதிநிலையை எட்டாத ஓர் உலகம்.

அப்படியானால் தோல் மட்டும் எப்படிக் கருகுகிறது? மிளகாயின் தோலுக்கு வெளியே மெழுகு போன்ற ஒரு படலம் இருக்கிறது. நீர் அதை எளிதில் கடக்காது. தோலுக்கு அடியில் உள்ள தசை சூடானதும் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தோலைத் தசையிலிருந்து கிளப்பிவிடுகிறது. கொப்புளம் எழுகிறது. அந்தக் கணத்தில் தோலுக்கும் நீருக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. மெல்லிய அந்தத் தோலில் மிச்சமிருக்கும் ஈரம் சீக்கிரம் வற்றுகிறது. அது 100 டிகிரியைத் தாண்டி விறுவிறுவென ஏறிக் கருகுகிறது. நாம் பார்க்கும் கருப்பு, காகிதத்தைவிட மெல்லிய ஒரு படலத்தின் செய்தி. உள்ளே இருக்கும் பூரணத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

தெற்கு இத்தாலியின் பசிலிகாத்தா மாகாணத்தில் உள்ள செனீசே ஊர் மிளகாய் இதற்கு நல்ல சான்று. அங்கே மெல்லிய சுவருள்ள இனிப்பு மிளகாயைச் சரமாகக் கோத்துக் காயவைப்பார்கள். காய்ந்ததைச் சூடான எண்ணெயில் போட்டால் சில நொடிகளில் மொறுமொறுப்பாகிவிடும். கூடச் சில நொடிகள் விட்டால் தீய்ந்து கசக்கும். பச்சையாக இருந்தபோது ஓவனில் முக்கால் மணி நேரம் தாங்கும் அதே வகைக் காய், நீர் போனதும் நொடிக் கணக்கில் முடிந்துவிடுகிறது. மிளகாயை இத்தனை நேரம் காத்தது நீர்தான்.

ஒரு காயை அளந்து பார்ப்போம்

இப்போது நம் தட்டில் இருக்கும் ஒரு சிவப்புக் குடைமிளகாயை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு 8 செ.மீ. காம்புப் பக்கம் மூடிபோல் வெட்டி, விதையை நீக்கி, பூரணத்தை முழுவதும் அடைத்து நிமிர்த்தி வைக்கிறோம். எந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து பார்த்தாலும் நடுப்புள்ளி 4 செ.மீ. தூரத்தில் இருக்கிறது.

வெப்பம் அங்கே எப்படிப் போகும்? ஓடும் திரவமாக இருந்தால் சூடான பகுதி நகர்ந்து கலக்கும். பூரணம் திடமானது, எதுவும் நகராது. சூடான அடுக்கு தன் பக்கத்து அடுக்கைச் சூடாக்க, அது அடுத்ததைச் சூடாக்க, ஒவ்வோர் அடுக்காகத்தான் வெப்பம் உள்ளே செல்ல வேண்டும். இதற்கு வெப்பக் கடத்தல் என்று பெயர். நீர் நிறைந்த உணவில் வெப்பம் ஒரு செ.மீ. ஆழம் ஊடுருவச் சுமார் 12 நிமிடம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் 2 செ.மீ.க்கு 24 நிமிடம், 4 செ.மீ.க்கு 48 நிமிடமா? இங்கேதான் பலருடைய உள்ளுணர்வு தவறுகிறது. தூரம் இரட்டிப்பானால் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. சூடாக்க வேண்டிய பொருளின் அளவு இரண்டு மடங்காகிறது. அதே வெப்பநிலை வேறுபாடு இப்போது இரட்டிப்பு தூரத்தில் பரந்து கிடப்பதால், வெப்பத்தை உள்ளே தள்ளும் விசை பாதியாகிறது. வேலை இரண்டு மடங்கு, வேகம் பாதி. ஆக நேரம் நான்கு மடங்கு. ஒரு செ.மீ.க்கு 12 நிமிடம் என்றால் 2 செ.மீ.க்கு 48 நிமிடம், 4 செ.மீ.க்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

நல்லவேளையாக, முழுக் காய் வேக மூன்று மணி நேரம் ஆவதில்லை. வெப்பம் ஒரே திசையிலிருந்து வராமல் சுற்றிலுமிருந்து நடுவை நோக்கி வருகிறது. தவிர, நடுப்புள்ளி 100 டிகிரியைத் தொட வேண்டியதும் இல்லை; 70ஐத் தாண்டினால் போதும். இவை இரண்டும் சேர்ந்து நேரத்தைப் பெரிதும் குறைக்கின்றன. இருந்தும், காற்று மெதுவாகக் கொடுப்பதையும் ஆவியாதலின் செலவையும் சேர்த்தால், இந்த அளவுக் காய்க்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தேவைப்படும். அரை மணியில் வெட்டிப் பார்த்தவருக்கு வெதுவெதுப்பான நடு கிடைத்ததில் வியப்பில்லை.

இப்போது அதே காயைக் காம்பிலிருந்து அடி வரை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, படகுபோல் படுக்கவைத்து நிரப்புவோம். பாதிக் காயின் ஆழம் 4 செ.மீ. ஆனால் இப்போது மேலிருந்தும் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் வெப்பம் வருவதால், மிகவும் உள்ளே இருக்கும் புள்ளி எல்லா ஓரத்திலிருந்தும் சுமார் 2 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. தூரம் பாதி. நான்கில் ஒரு பங்கு நேரம் போதும் என்று கணக்குச் சொல்லும். நிஜத்தில் அவ்வளவு மிச்சமாகாது. காற்றிலிருந்து வெப்பம் மேற்பரப்புக்கு வந்து சேரும் தாமதம் வெட்டிய காய்க்கும் உண்டு. கையில் கிடைக்கும் பலன் ஏறத்தாழ பாதி நேரம். ஒரு மணி நேரம் கேட்ட அதே காய் அரை மணியில் வெந்துவிடும். கத்தியால் ஒரு வெட்டு. வேறு எந்த உபகரணமும் இல்லாமல் அரை மணி நேரம் மிச்சம்.

பூரணத்தை அடைக்கும் விதமும் இந்தக் கணக்கில் சேரும். ஆங்காங்கே காற்றுப் பொந்துகள் விட்டு அடைத்தால், கடத்துவதில் மந்தமான காற்று வழியை மறித்து நிற்கும். இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும். அதே நேரம் ரொட்டியும் அரிசியும் ஊதிப் பெருக இடம் தேவை என்பதால் அழுத்தித் திணிக்கவும் கூடாது.

சுவருக்கு ஒரு கெடு, நடுவுக்கு ஒரு கெடு

இந்தச் சமையலில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். சுவர் மெத்தென்று ஆக வேண்டும். நடு வெந்திருக்க வேண்டும்.

காய்கறிச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. சுமார் 85 டிகிரிக்கு மேல் அது கரையத் தொடங்குகிறது. அதற்குக் கீழே எவ்வளவு நேரம் வைத்தாலும் காய் பெரிதாக மென்மையாகாது. அதற்கு மேலே நெடுநேரம் வைத்தால் பசை முழுக்கக் கரைந்து சுவர் சரியும். நடுவுக்கு வேறு கணக்கு. முட்டை 70 டிகிரிக்குள் கெட்டியாகிப் பூரணத்தைப் பிணைத்துவிடும். கொத்துக்கறி சேர்த்திருந்தால் நடுப்புள்ளி 71 டிகிரியை எட்டியே ஆக வேண்டும். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அவை உள்ளே எல்லா இடத்துக்கும் கலந்துவிடுகின்றன. அதனால் கொத்துக்கறியில் நடுப்பகுதிக்குச் சலுகை கிடையாது. உணவுக்கான குச்சி வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தால் இந்தக் கேள்விக்கு ஊகம் தேவைப்படாது.

முழுக் காயில் நடு 71ஐ எட்டுவதற்குள் சுவர் 85க்கு மேல் அளவுக்கு மீறிய நேரம் இருந்துவிடுகிறது. அது சரிவதன் காரணம் அதுதான். பாதியாகப் பிளந்த காயில் நிலைமை தலைகீழாகலாம்: நடு சீக்கிரம் வெந்து, சுவர் நறுக்கென்று நிற்கும். அதற்கும் வழி உண்டு. பிளந்த காயை வெறுமையாகவே ஓவனில் கால் மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு நிரப்பலாம். சுவருக்குத் தேவையான முன்னேற்றத்தை அதற்குத் தனியாகக் கொடுத்துவிடுகிறோம்.

தக்காளிக் குழம்பின் மேல் மிளகாயை உட்காரவைக்கும் பழக்கத்தில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. புளிப்பு, பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்தும். தக்காளியில் தொட்டிருக்கும் அடிப்பகுதி, நீண்ட நேரம் வெந்தாலும் உருக்குலையாமல் நிற்க அந்தப் புளிப்பு உதவுகிறது.

தண்ணீருக்குக் கணக்கு வையுங்கள்

அரிசி ஏன் வேகவில்லை என்ற கேள்விக்கு இப்போது வரலாம். அரிசியின் மாவுச்சத்து வேக இரண்டு வேண்டும்: 70 டிகிரியை ஒட்டிய சூடும், தன் எடைக்கு மேற்பட்ட நீரும். பூரணத்தின் நடுவுக்குச் சூடு வந்து சேர்வதே கடைசிச் சில நிமிடங்களில்தான். நீரோ இறைச்சியிலும் காயிலும் பிடிபட்டுக் கிடக்கிறது. அரிசிக்குத் தாராளமாகக் கிடைப்பதில்லை. பச்சை அரிசியை அடைத்தால் அது வேகுவதற்கான நேரமும் இல்லை, நீரும் இல்லை. முக்கால் பதம் வேகவைத்து அடைப்பதே சரி. மீதிக் கால் பதத்துக்கு மிளகாய் விடும் சாறு போதும்.

ரொட்டியின் வேலை இதற்கு நேர் எதிர். காய்ந்த ரொட்டி நுண்துளைகள் நிறைந்தது. நீரைத் தேடும் பொருள். இறைச்சி 60 டிகிரியைத் தாண்டும்போது அதன் இழைகள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. பக்கத்தில் ரொட்டி இருந்தால் அந்தச் சாறு தட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிடும். தென் இத்தாலிய ஏழை வீடுகளில் வீணாக்க மனமில்லாமல் சேர்த்த பழைய ரொட்டி, நீர் மேலாண்மையில் மிகச் சிறந்த பொருளாக அமைந்துவிட்டது. அந்தக் குடும்பங்களின் கைப்பக்குவத்தின் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. ஆய்வகம் பின்னால் விளக்கியதை அவர்களுடைய நாவும் விரலும் முன்னமே கண்டுபிடித்திருந்தன.

உப்புக்கும் நீரோடு உறவு உண்டு. உப்புப் பட்ட இடத்தில் செல்களுக்குள்ளிருந்து நீர் வெளியே இழுக்கப்படும். பார்மேசான் சீஸ், கேப்பர், ஆலிவ், நெத்திலி நான்குமே உப்பேறியவை. பூரணத்தில் இவை இருக்கும்போது தனியாக உப்பு அள்ளிப் போட்டால், சுவையும் கெடும், தட்டின் அடியில் நீரும் கூடும்.

அப்படியும் தேங்கும் சாற்றை ஊற்றிவிடாதீர்கள். ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் செண்ட்-ஜார்ஜி 1930களில் வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தது செகெத் நகரத்து மிளகாயிலிருந்துதான். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 100 கிராம் சிவப்புக் குடைமிளகாயில், வேகவைப்பதற்கு முன், 120 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி உண்டு. சூட்டில் ஒரு பகுதி அழிகிறது. நீரில் கரைவது என்பதால் இன்னொரு பகுதி அந்தச் சாற்றில் இறங்குகிறது. அந்தச் சாற்றை மிளகாயின் மேலேயே ஊற்றிப் பரிமாறுவதுதான் நியாயம்.

பழுப்பு நிறம் எங்கே பிறக்கிறது

மேல்புறம் பொன்னிறமாக முறுகி இருந்தால்தான் இந்த உணவுக்கு நிறைவு. சர்க்கரைகளும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் இணைந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்கும் வினை அது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-காமில் மையார் 1912இல் இதை விவரித்தார்; அவர் பெயராலேயே மையார் வினை என்கிறோம். இது வேகமாக நடக்க 140 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஈரம் இருக்கும் இடம் 100ஐத் தாண்டாது என்று பார்த்தோம். எனவே பொன்னிறம் வேண்டுமானால் அந்த இடத்தில் நீர் இருக்கக் கூடாது.

உள்ளே ஈரம் தங்க வேண்டும், மேலே வற்ற வேண்டும். இந்த முரணை இரண்டு கட்டமாகப் பிரித்துத் தீர்க்கலாம். முதல் கட்டத்தில் தட்டை அலுமினியத் தாளால் இறுக மூடுங்கள். உள்ளே ஆவி நிறையும், ஆவியாதல் குறையும், இட்லிப் பானையில் நடப்பதுபோல் ஆவி தன் ஆற்றலைப் பூரணத்திடம் இறக்கும். இரண்டாம் கட்டத்தில் தாளை எடுத்துவிட்டு, எண்ணெயில் புரட்டிய ரொட்டித் தூளையும் சீஸையும் மேலே தூவுங்கள். ரொட்டித் தூள் ஏற்கெனவே உலர்ந்தது. எண்ணெய் அதைச் சீராகச் சூடாக்கும். சீஸ் புரதத்தைக் கொடுக்கும். மேல் அடுக்கு மட்டும் 100ஐத் தாண்டிப் பொன்னிறமாகும். அதன் அடியில் ஒரு விரற்கடை ஆழத்தில் பூரணம் ஈரத்தோடு இருக்கும்.

இனி சமைப்போம்

நான்கு பேருக்கு நான்கு பெரிய சிவப்புக் குடைமிளகாய். நெடுக்காகப் பிளந்து, காம்பை விட்டுவைத்து, விதையையும் வெள்ளைத் தசையையும் நீக்குங்கள். காம்பு இருந்தால் பாதிக் காய் படகுபோல் மூடி நிற்கும், பூரணம் வழியாது. எண்ணெய் தடவி, 190 டிகிரி ஓவனில் வெறுமையாகக் கால் மணி நேரம்.

அந்த நேரத்தில் பூரணம்: 300 கிராம் கொத்துக்கறி, நீரில் நனைத்துப் பிழிந்த பழைய ரொட்டி 150 கிராம், துருவிய பார்மேசான் 50 கிராம், ஒரு முட்டை, நசுக்கிய பூண்டு, நறுக்கிய பார்ஸ்லி, கொஞ்சம் கேப்பர், ஆலிவ். இறைச்சி வேண்டாதவர்கள் எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காயைச் சேர்த்து, ரொட்டியைக் கூட்டிக்கொள்ளலாம். நேப்பிள்ஸ் வழியே அதுதான். கறி சேர்த்த பூரணத்தை அடைத்துவிட்டு வெளியே காத்திருக்க விடக் கூடாது. அடைத்ததும் ஓவனுக்குப் போக வேண்டும்.

தட்டில் தக்காளிக் குழம்பு பரப்பி, அதன் மேல் நிரப்பிய காய்களை வைத்து, தாளால் மூடி 20 நிமிடம். தாளை எடுத்து, மேல்தூளைத் தூவி இன்னும் 15 நிமிடம். வெப்பமானியின் முனையை நடுவில் குத்திப் பாருங்கள்; 71ஐத் தாண்டியிருந்தால் எடுத்துவிடலாம். எடுத்ததும் வெட்ட வேண்டாம். பத்து நிமிடம் விட்டால் வெளிப்புறத்துச் சூடு உள்ளே பரவிச் சமநிலைக்கு வரும், மாவுச்சத்து இறுகிச் சாற்றைப் பிடித்துக்கொள்ளும். இத்தாலியில் இதை இளஞ்சூட்டிலும், மறுநாள்கூட, விரும்பி உண்பார்கள்.

நிமிடங்களை எப்படிப் படிப்பது

மேலே நானும் நிமிடங்களை எழுதியிருக்கிறேன். அவை 8 செ.மீ. குறுக்களவுள்ள, பாதியாகப் பிளந்த ஒரு காய்க்கு உரியவை. உங்கள் காய் பெரிதாக இருந்தால், பூரணம் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்திருந்தால், ஓவனில் விசிறி இல்லாவிட்டால் அவை பொருந்தாது. செய்முறைகள் சொல்லும் நிமிடம், எழுதியவரின் காயையும் எழுதியவரின் ஓவனையும் சார்ந்தது. தடிமன், நீர், நடுப்புள்ளியின் வெப்பநிலை ஆகிய மூன்றும் எந்த வீட்டிலும் மாறாத அர்த்தம் உள்ளவை.

சமையல் புத்தகங்கள் ஒவ்வொரு செய்முறையிலும் நேரத்துக்குப் பக்கத்தில் பூரணத்தின் தடிமனையும் நடுவின் வெப்பநிலையையும் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு எண்கள் கூடுதலாக எழுதினால் போதும். முதன்முறை சமைப்பவர்கூடத் தன் கைமேல் நம்பிக்கை இழக்காமல் இருப்பார். அதுவரை, எந்தச் செய்முறையைக் கையில் எடுத்தாலும் அடுப்பை மூட்டுமுன் ஓர் அளவுகோலை எடுத்து, ஓரத்திலிருந்து நடுப்புள்ளி எவ்வளவு தூரம் என்று அளந்துவிடுங்கள். அந்தத் தூரத்தைப் பாதியாக்க முடியுமா என்று யோசியுங்கள். முடியுமானால், வெட்டிவிடுங்கள்.